'மின்னற்ற கம்பி'க்கு மாற்றாக 'மின்னடங்கிய கம்பி'

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மின்பாதைப் பணியாளர்களுக்கான செய்முறைப் பாதுகாப்புப் பயிற்சிக் கையேட்டில், ஏறி வேலை செய்யத்தக்க நிலைக்குக் கொண்டுவரப்பட்ட கம்பியை 'மின்னற்ற கம்பி' என்று குறிக்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். ஆங்கிலத்தின் 'டெட் லைன்' என்பதை அப்படியே பெயர்த்த 'செத்த கம்பி'யைக் குழு ஒதுக்கியது நல்லது. ஆனால் 'மின்னற்ற' என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இந்த நிலைக்கு இரண்டு நிபந்தனைகளை வைத்தன: மின்னேறிய எந்த அமைப்போடும் கடத்திக்குத் தொடர்பு இருக்கக் கூடாது, அதன் மின்னழுத்தம் புவியின் அழுத்தத்துக்குச் சமமாகவோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். 'மின்னற்ற' என்று கேட்கும் பயிற்சியாளர் முதல் நிபந்தனையோடு நின்றுவிடுகிறார். சுவிட்சை இறக்கியாயிற்று, சப்ளை போயிற்று, கம்பியில் மின்சாரம் அற்றுவிட்டது என்றே அவர் மனம் கணக்குப் போடும்.

களத்தில் அந்தக் கணக்கு பல வழிகளில் பிழைக்கும். கம்பத்தின் மேல் பாதையைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சின் கைப்பிடி கீழே முழுவதும் இறங்கியிருக்கும்; மேலே மூன்று பிளேடுகளில் ஒன்று துருவேறித் தன் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவேதான் கைப்பிடியைப் பார்க்காமல் அண்ணாந்து மூன்று இடைவெளிகளையும் கண்ணால் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுவிட்ச் சரியாகப் பிரிந்திருந்தாலும், மின்பாதையையும் ஜெனரேட்டரையும் ஒன்றுசேர விடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஏதோ ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேட்டரின் 230 வோல்ட், மின்மாற்றியின் வழியே பின்னோக்கி ஏறினால், 11 கிலோவோல்ட் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். பக்கத்தில் இணையாகச் செல்லும் உயரழுத்தப் பாதையின் தூண்டலும், தொலைவில் எங்கோ விழுந்த இடியும் இதே வேலையைச் செய்யும். இத்தனைக்கும் ஒரே காப்பு, மின்னின்மையை, மின்சாரம் இருந்தால் காட்டும் கோலால் சோதித்துவிட்டு, வேலையிடத்தின் இருபுறமும் கடத்திகளை ஒன்றோடொன்றும் மண்ணோடும் பிணைப்பதுதான். அந்தப் பிணைப்பிலும் வரிசை உண்டு: மண் முனையை முதலில் பூட்டிவிட்டு, பிறகே கோலால் கடத்தியில் மாட்ட வேண்டும், கழற்றும்போது கடத்தியிலிருந்து தொடங்க வேண்டும். புதியவர்கள் மாட்டும் வரிசையை எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்த அவசரத்தில் கழற்றும் வரிசையில்தான் கை தடுமாறுகிறது. செய்முறைப் பயிற்சியில் கழற்றலுக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

இவை அனைத்தும் முடிந்த நிலைக்கு 'மின்னடங்கிய கம்பி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். அறுதல் இல்லாமற்போவதைச் சொல்கிறது. அடங்குதலோ இருந்த ஒன்று ஒரு கட்டுக்குள் வந்து அமைவதைச் சொல்கிறது. காற்று அடங்கியது, கொதி அடங்கியது என்று பேசும்போது அவை மீண்டும் எழக்கூடும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்தில் வாழும் எங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இங்கே ஒரே கம்பத்தடியில் தமிழ் பேசுபவரும் மலையாளம் பேசுபவரும் நிற்பார்கள்; 'அடங்கு' இரண்டு மொழியிலும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகிறது. எல்லாச் சொல்லுக்கும் இந்த யோகம் கிடையாது. கம்பியை மண்ணோடு பிணைப்பதை 'எர்த் கட்டுதல்' என்போம். கீழிருந்து ஒருவர் "எர்த்து கெட்டியோ?" என்று கேட்டால், மலையாளத்தில் கட்டியாயிற்றா என்று பொருள்; பொள்ளாச்சியிலிருந்து புதிதாக வந்தவரோ எர்த் உறுதியாக இருக்கிறதா என்று கேட்பதாக எண்ணி, கட்டாமலே தலையாட்டிவிடக் கூடும்.

செயலுக்கு 'மின்னடக்கம்' என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். வாடகை விளம்பரத்தில் 'மின்கட்டணம் அடக்கம்' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது வேறாகப் படும். 'நல்லடக்கம்' நினைவுக்கு வந்தால் எந்த லைன்மேனும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். 'மின்னடக்கல்' போதும். அதன் உட்படிகளை நிறுத்தல், பிரித்தல், பூட்டல், சோதித்தல், பிணைத்தல் என்று எளிய வினைப்பெயர்களாலேயே சொல்லிவிடலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கம்பியை 'நிறுத்திய கம்பி' என்றே எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடு கையேட்டில் இடம்பெறட்டும்.

'எர்த்', பாதையில் வேலை செய்யத் தரும் அனுமதியான 'லைன் கிளியர்' ஆகிய இரண்டையும் மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'புவியிணைப்பு' பாடநூலில் இருக்கட்டும். 9 மீட்டர் உயரத்தில் நிற்பவரிடம் காற்றை மீறிக் கத்திச் சொல்ல அது நீளம். அதே அளவுகோலால் என் சொல்லையும் பார்த்தேன். "லைன் அடங்கிச்சா?" என்று கேட்கவும் "அடங்கிச்சு" என்று பதில் கூவவும் தடையில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை எர்த் கட்டியவருக்கு மட்டுமே உரியது என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே வழக்கமாக்க வேண்டும். சுவிட்சை இறக்கியவர் அதைச் சொல்லக் கூடாது.