5 மாதமாக ஆறாத கால் புண்: ஆய்வகத் தோல் வைத்தவர்கள் யாராவது உண்டா?

அப்பாவுக்கு 64 வயது, மதுரையில் இருக்கிறோம். 17 வருடமாகச் சர்க்கரை. இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே வந்த புண் 5 மாதமாகியும் மூடவில்லை. செருப்புக்குள் கிடந்த சின்னக் கல்தான் ஆரம்பம். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால், தரையில் ஈரத் தடம் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

இப்போது ஒரு ரூபாய் நாணய அளவு. சீழ், நாற்றம் கிடையாது. ஓரத்தோல் மட்டும் வெள்ளையாகத் தடித்து, உள்ளே நகர மாட்டேன் என்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு சரி, டாப்ளரில் ரத்த ஓட்டமும் சரி. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 9.4-லிருந்து 7.3-க்கு வந்துவிட்டது.

செத்த சதையை மூன்று முறை சுரண்டி எடுத்தார்கள். ஆன்டிபயாடிக், சில்வர் டிரெஸ்ஸிங், இரண்டு வாரம் வேக்யூம் டிரெஸ்ஸிங், வளர்ச்சிக் காரணி ஜெல் என எல்லாம் ஆயிற்று. பாதத்தில் எடை விழாமல் கட்டுப் போட்ட மூன்று வாரம்தான் புண் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம் அப்பா பிடிவாதமாகக் கழற்றச் சொல்லிவிட்டார். (வேப்பெண்ணெயும் பார்த்தாயிற்று, தயவுசெய்து வேண்டாம்.)

உயிருள்ள செல்களை வைத்து ஆய்வகத்தில் வளர்த்த தோலை வைக்கலாம் என்கிறார் டாக்டர். அமெரிக்காவில் அப்லிகிராஃப் என்ற அப்படியொரு தோல் 2000-லேயே சர்க்கரைப் புண்ணுக்கு அனுமதி வாங்கிவிட்டது. நாங்கள் விசாரித்த இடங்களில் காட்டியதெல்லாம் செல் இல்லாத கொலாஜன் (ஒரு வகைப் புரதம்) ஷீட்தான்.

தமிழ்நாட்டில் இப்படிச் செல் உள்ள தோலை உள்ளங்கால் புண்ணுக்கு வைத்தவர்கள் இருந்தால், எந்த ஊரில் வைத்தீர்கள், எத்தனை முறை வைத்த பிறகு புண் மூடியது?