கடல் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நீரோடிக்காரி:
மூன்று வருடமாக மனதில் கிடக்கிறது. எம்.எஸ்சி. புராஜெக்ட், கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்களைப் பற்றி. விடியற்காலை பாட்டாவின் (தாத்தாவின்) வள்ளத்தில் போய் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் எடுத்தேன். நுண்ணுயிர்களைப் பிடிக்கும் பம்பும் வடிகட்டியும் கேரளப் பக்கம் இருந்த ஆய்வகத்தில். இரண்டு மணி நேரம்தானே என்று ஐஸ் பெட்டி எடுக்கவில்லை. எல்லையில், களியக்காவிளையில் இறங்கினால் அந்தப் பக்கம் ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. மாலை ஆறு மணி வரை கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேன் வெதுவெதுவென்று இருந்தது. காலையில் பாட்டா சொன்னது அப்போதுதான் உறைத்தது: "அடச்ச தண்ணி உச்சிக்கு முன்ன மணம் மாறிடும் மக்களே, சீக்கிரம் போ." மூடியைத் திறந்து முகர்ந்தேன். மாறியிருந்தது.

டி.என்.ஏ. வரிசையில் பாதிக்கு மேல் விப்ரியோ, ஆல்டிரோமோனாஸ் என்ற பாக்டீரியாக்கள். கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு செல் சார்-11 என்ற பாக்டீரியா வகை என்பார்கள், அது பெயருக்குத்தான் இருந்தது. அடைத்து வைத்த சூட்டில் வேகமாகப் பெருகுகிறவை மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டன. அதையே பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டோம். அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தேதி எல்லாம் சரி. கேன் பகல் முழுக்க வெயிலில் இருந்ததை மட்டும் நான் எழுதவில்லை. யாரோ எங்கேயோ அதை எடுத்து, நீரோடிக் கடல் இப்படித்தான் என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

குழித்துறையான்:
அக்கா, எல்லாப் பழியையும் கேன் மேல் போடாதீர்கள். எந்த மாதம் எடுத்தீர்கள்? தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் விழுகிற இடத்தில், மழைக்கு அப்புறம், நான் கரையிலேயே வடிகட்டினேன். அதிலும் விப்ரியோ நிறைய. உப்பு குறைந்த சூடான தண்ணீர் அதற்குப் பிடிக்கும். முந்நூறு மில்லி போவதற்குள் வடிகட்டி செம்மண் நிறமாகி அடைத்துக்கொண்டது. அம்மா பழைய வேட்டியை மடித்துக் கொடுத்தார், முதலில் அதில் வடிகட்டு என்று. வேண்டாம் என்றேன். பிறகுதான் படித்தேன்: காலரா விப்ரியோ நுண்ணிய இறால் போன்ற மிதவை உயிரிகள் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. வங்கதேசத்தில் பழைய சேலையை மடித்துக் குடிதண்ணீரை வடிகட்டியதில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் கட்டுரை வந்திருக்கிறது. அம்மா தந்த வேட்டியில் முதலில் வடிகட்டியிருந்தால், ஒட்டி வாழ்வது எது, தனியே மிதப்பது எது என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். அம்மாவின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பொழியூர்:
தம்பி சொல்வது ஆற்று முகத்துக்குச் சரி. அக்கா எடுத்தது கடலுக்குள். இரண்டும் ஒன்றில்லை.

என் கதை சின்னது. ஜூன் 21, உலகம் முழுக்க ஒரே நாளில் கடல்நீர் எடுக்கும் நாள். 2014இல் தொடங்கியது. நல்ல யோசனைதான், ஆனால் நமக்கு அது ஆனி. விசைப்படகுக்குத் தடை, அலை ஆள் உயரம். பொழியில், ஆறு கடலில் சேரும் இடத்தில், இடுப்பளவு நின்று பாட்டிலை முக்கினேன், அலை பிடுங்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

இனி போகிறவர்களுக்கு: வடிகட்டியைக் கடலுக்குக் கொண்டு போங்கள், கடலை வடிகட்டிக்குக் கொண்டு போகாதீர்கள். உறைக்குள் அடைத்து வரும் 0.22 மைக்ரான் துளை வடிகட்டியும் பெரிய சிரிஞ்சும் போதும், கரண்ட் வேண்டாம். இரண்டு லிட்டர் தள்ளக் கை கடுக்கும், ஆள் மாற்றித் தள்ளுங்கள். முடிந்ததும் பதப்படுத்தும் திரவம் ஊற்றி அடைத்து ஐஸில் வையுங்கள். மீன் ஏலக்கூடத்து ஐஸ் போதும், ஆனால் வடிகட்டியை இரண்டு பையில் கட்டுங்கள், மீன் கழுவிய தண்ணீர் பட்டால் போச்சு. எடுத்த நேரம், வடிகட்டி முடித்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று வள்ளக்காரரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அக்கா, ஏற்றிய பதிவின் விவரத்தை ஏற்றியவரே திருத்தலாம்.

நீரோடிக்காரி:
மாதம் மாசி தம்பி, மழையே இல்லை. திருத்தலாம் என்பது எனக்குத் தெரியாது. ஏற்றியது சாரின் கணக்கில், இன்று ராத்திரியே அவருக்கு எழுதுகிறேன். எடுத்தது காலை 5.40, வடிகட்டியது இரவு 8.15. நோட்டில் இருக்கிறது.