கரடி இரைகௌவியா?

குளக்கட்டு:
மகள் தரம் 7. ஊரில் உள்ள இரைகௌவிகள் ஐந்தை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பெயராகக் கரடியைப் போட்டுவிட்டாள். நாங்கள் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். தேனெடுக்கக் காட்டுக்குள் போகிறவர்கள் சிறுத்தையை விடக் கரடிக்குத்தான் பயம். ஆனால் அது ஆடு மாட்டைப் பிடித்துத் தின்றதாக நான் கேள்விப்படவில்லை. பாலை பழுத்தால் மரத்தில் ஏறிவிடும். அப்படியென்றால் அதை எழுதலாமா? ஊனுண்ணி என்பதும் இதுதானா? கபரக்கொய்யாவையும் (நீர் உடும்பு) சொல்லுங்கள், எங்கள் கோழிக்குஞ்சை விழுங்குகிற பிறவி அது.

பாலையடி:
கரடி ஆளை அடிப்பது தின்ன அல்ல. திடீரென்று கிட்டப் போய்விட்டால் வெருண்டு முகத்தைப் பிறாண்டும். சாப்பாடு கறையான், தேன், பழம். அதன் மேல்வாயில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. புற்றைக் கிண்டி, மண்ணை ஊதித் தள்ளி, அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நல்ல தூரத்துக்குக் கேட்கும். பட்டியலில் இருந்து வெட்டுங்கள்.

வயல்காரன்:
அண்ணை, கறையானும் உயிர்தானே? இன்னொரு விலங்கை உயிரோடு பிடித்துத் தின்றால் இரைகௌவி, இரை எவ்வளவு சின்னது என்பது கணக்கில்லை. தும்பியும் சிலந்தியும்கூட அதில்தான் வரும். ஊனுண்ணி என்றால் இறைச்சி தின்பது, கொன்றதோ கிடந்ததோ என்ற கேள்வி இல்லை. கபரக்கொய்யா குஞ்சைப் பிடிக்கும்போது இரைகௌவி. குளக்கரையில் செத்த மாட்டை இழுக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் ஊனுண்ணிதான். தமிழ்நாட்டார் கொன்றுண்ணி என்று எழுதுவார்கள், பொருள் ஒன்று.
பிள்ளைக்குச் சந்தேகம் வராத ஐந்து: சிறுத்தை, முதலை, கீரி, சாரை, கூகை. கூகையை அபசகுனம் என்று கல்லெறிந்து துரத்துகிறார்கள். வயலில் இரவிரவாக எலி பிடிப்பது அதுதான், பகலில் பிடிப்பது சாரை.

குளக்கட்டு:
நன்றி தம்பி. ஐந்தையும் எழுதியாயிற்று. கரடியை அழிக்க மாட்டாளாம், ஆறாவதாக "கறையானுக்கு மட்டும்" என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மரநாய்?

வயல்காரன்:
கோழியும் பிடிக்கும், பழமும் தின்னும். அனைத்துமுண்ணி. கோழிக்கூட்டுக் கதவை இறுக்கிக் கட்டுங்கள்.