அப்பாவின் சட்டைப் பைக்கு ஒரு டார்ச்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கடைமடை:

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மும்முனை கரண்ட் வரும் நேரத்தில்தான் மோட்டார் போட முடியும். அதனால் அப்பாவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் வயல் வேலை உண்டு, விடிகாலை மூன்று மணிக்கும் உண்டு. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு வரப்பு வழியாக ஐந்து நிமிட நடை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் போயிருக்கிறார். கொட்டகைக்குள் நுழைந்து, ஸ்டார்ட்டர் பெட்டி தெரிய வேண்டும் என்று போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார். வெளிச்சம் முழுக்க பெட்டி மேல், கால்மாட்டில் இருட்டு. அப்போது வலது பாதத்தின் மேல் சில்லென்று ஏதோ ஊர்ந்திருக்கிறது. அசையாமல் நின்றுவிட்டார். அது இறங்கிப் போன பிறகு போனைத் தாழ்த்திப் பார்த்தால், செங்கல் இடுக்குக்குள் நுழையும் வால் மட்டும் தெரிந்ததாம். பளபளக்கும் கறுப்பு, அதில் மெல்லிய வெள்ளைப் பட்டை. கட்டுவிரியன். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறார். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போதுதான் எங்களிடம் சொன்னார்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர், பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். இதைப் படித்த பிறகு அப்பாவுக்கு நல்ல டார்ச் வாங்கித் தராமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் சரியானதைக் கண்டுபிடிக்க மூன்று டார்ச் ஆனது.

முதலாவது பஜாரில் வாங்கிய சூம் டார்ச். பெட்டியில் வெளிச்ச அளவு 5,000 லூமென் என்றும், உள்ளே இருந்த பேட்டரி செல்லில் கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்றும் போட்டிருந்தது. செல் 18650 வகை, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே 3,500 சுற்றித்தான் இருக்கும், மிஞ்சிப்போனால் 4,000. சந்தேகப்பட்டு மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன், 31 கிராம். நல்ல 18650 செல் 45 கிராம் சுற்றி இருக்கும். சூமை முழுக்க இழுத்தால் தூரத்தில் ஒரு சதுர வெளிச்சம் விழும், சுற்றிலும் கும்மிருட்டு. நடக்கிறவனுக்கு அது எதற்கு? ஒரே மழையில் கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது.

இரண்டாவது ஆன்லைனில் வாங்கிய விரல் நீள டார்ச். வெளிச்சம் நிஜமாகவே ஆயிரம் லூமெனுக்கு மேல். ஆனால் இரண்டு நிமிஷத்துக்குள் உடம்பு கொதித்து, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு சின்ன அலுமினிய உடம்பு அதற்கு மேல் சூட்டைத் தாங்காது. எந்தக் குட்டி டார்ச்சும் அப்படித்தான். பிரச்சினை சுவிட்சில் இருந்தது. கடைசியாக எந்த அளவில் அணைத்தோமோ அதே அளவில்தான் எரியும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு அழுத்தினால் முகத்தில் அறைகிற மாதிரி வெளிச்சம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் வேண்டும், அதை ஒரே நொடியில் கெடுத்துவிடும். அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினால் பளிச் பளிச்சென்று மின்ன ஆரம்பிக்கும், நிறுத்துவதற்குள் வரப்பே தெரியாது. அப்பா ஒரு வாரம் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

மூன்றாவது கான்வாய் எஸ்2 பிளஸ். உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரே 18650 செல். பின்பக்கம் டிக் என்று அழுத்தும் சுவிட்ச். வெளிச்ச அளவுகளின் வரிசையை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எப்போது போட்டாலும் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கும்படி வைத்துக் கொடுத்தேன். நீலம் பாய்ந்த வெள்ளை வேண்டாம் என்று 4,000 கெல்வின் அளவிலான இளமஞ்சள் வெளிச்சம் எடுத்தேன். ஈர மண்ணுக்கும் காய்ந்த சருகுக்கும் வித்தியாசம் அதில்தான் நன்றாகத் தெரிகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெட்டியில் "200 மீட்டர்" என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான். அங்கே கிடப்பது கயிறா பாம்பா என்று அதில் சொல்ல முடியாது. தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் பாதிக்கும் கீழே என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நடக்க 50 லூமென் தாராளம், அது அகலமாகப் பரவ வேண்டும், அவ்வளவுதான். அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்க்க 300 இருந்தால் போதும்.

இன்னொன்று அப்பாவே கண்டுபிடித்தது. டார்ச்சைத் தலை உயரத்தில் பிடித்தால் தரை தட்டையாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே தாழ்த்தி முன்னால் அடித்தால், தரையில் கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமாக நிழல் விழும். குழியும் தெரியும், கிடப்பது எதுவானாலும் தெரியும். இப்போது அப்படித்தான் நடக்கிறார்.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள். மற்ற வீட்டு அப்பாக்களுக்கும் உதவும்.

நைட் டூட்டி:

தம்பி, டார்ச்சுக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது, கடித்த இடமும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வயிற்றுவலி என்பார்கள், கண் இமை தொங்கும், பேச்சு குழறும். காலில் ஏதோ ஊர்ந்தது என்ற சந்தேகம் வந்தாலே அப்பா வீட்டுக்கு வந்து படுக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

என் டார்ச் பேனா மாதிரி மெல்லியது, ஒரு டிரிபிள் ஏ பேட்டரி. இருப்பதிலேயே குறைந்த வெளிச்சத்துக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன். இரண்டு லூமென் கூட இருக்காது. ராத்திரி வார்டில் முப்பது பேர் தூங்குகிறார்கள். சலைன் சொட்டும் டிரிப் சேம்பருக்குப் பின்னால் அந்தச் சின்ன வெளிச்சத்தை வைத்தால் ஒவ்வொரு சொட்டும் முத்து மாதிரி தெரியும், கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிடலாம். பக்கத்துக் கட்டிலில் யாரும் புரளக்கூட மாட்டார்கள்.

முன்பு வைத்திருந்தது நீல வெளிச்சம். அதில் எல்லோருடைய உதடும் வெளிறித் தெரியும், கண் மஞ்சளாக இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல வராது. நிறத்தை உள்ளபடி காட்டும் எல்இடி என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கும்.

ஸ்பேனர் 12:

அக்கா சொன்ன சிஆர்ஐ விஷயம் மெக்கானிக்குக்கு உயிர்நாடி. வண்டி ஒயரிங்கில் சிவப்பு, ஆரஞ்சு, பிரவுன் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். மலிவு டார்ச்சில் பார்த்தால் மூன்றும் ஒரே அழுக்கு நிறம். ஒருமுறை ஒயரை மாற்றிக் கொடுத்து, கஸ்டமர் பாதி வழியில் நின்று, சூலூர் வரை போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே 90 சிஆர்ஐ டார்ச் தேட ஆரம்பித்தேன். இப்போது வைத்திருப்பது வுர்க்காஸ் எஃப்சி11. அடியில் காந்தம் இருக்கிறது. சேசிஸில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். அதற்கு முன் பத்து வருஷம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை.

சார்ஜ் போடுகிற டார்ச் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டைப் சி ஓட்டை இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளைச் செருகினால் சில டார்ச்சில் சார்ஜே ஏறாது. அந்தப் போர்டில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் சார்ஜர் கரண்டே விடாது. டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். ஒரு பக்கம் பழைய பட்டை யூஎஸ்பி உள்ள கேபிளில் போட்டால் ஏறும்.

அப்புறம், பக்கவாட்டில் மெத்தென்று அழுத்தும் சுவிட்ச் உள்ளதைப் பேண்ட் பாக்கெட்டில் வைத்தால், உட்காரும்போது தானாக எரியும். என் தொடையில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் வந்தது, துணியும் பழுப்பாகிவிட்டது. பின் மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் பல டார்ச்சில் இணைப்பு விட்டுப்போகும், பயமில்லை. கடையிலேயே திருகிப் பார்த்து வாங்குங்கள்.

தென்மராட்சி:

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் எங்கட பக்கம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மெழுகுதிரியும் விலை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தங்கச்சிக்குப் பள்ளிச் சோதனை (பரீட்சை) நேரம். வீட்டில் இருந்தது ஒரு சின்ன ஏஏ டோர்ச். அதை மேசையில் நிமிர்த்தி வைத்து வெள்ளைச் சீலிங்குக்கு அடித்தால் அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும், கண் கூசாது, நிழலும் விழாது. அவள் படித்து முடிக்கும்வரை அதுதான். அதனால் நான் டோர்ச் வாங்கப் போனால் முதலில் பார்ப்பது அது நேராக நிற்குமா என்றுதான். பின்பக்கம் சுவிட்ச் துருத்திக்கொண்டு நிற்கிற டோர்ச் நிற்காது.

பற்றரி விஷயத்தில் அம்மம்மாவின் டோர்ச் தந்த பாடம் இருக்கிறது. அலுமாரிக்குள் ஒரு வருசம் கிடந்து, தேவைப்பட்ட அன்று திறந்தால் சாதாரண பற்றரி ஒழுகி ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. திருகவே முடியவில்லை. இப்போது எனலூப் மாதிரி சார்ஜ் ஏற்றும் ஏஏ நான்கு வைத்திருக்கிறேன். வருசக்கணக்கில் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். சார்ஜ் தீர்ந்தாலும் ஊரில் எந்தப் பெட்டிக்கடையிலும் ஒரு சோடி ஏஏ கிடைக்கும் என்பது பெரிய நிம்மதி, அண்ணை.

கடைமடை:

உண்மைதான். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. தென்னை எல்லாம் சாய்ந்து ரோட்டை மறித்துக் கிடந்தன. தாத்தாவின் மூணு கட்டை (பேட்டரி) எவரெடி லைட் வீட்டில் இருந்தது, கட்டைதான் எங்கேயும் கிடைக்கவில்லை. ஜெனரேட்டர் வைத்து செல்போனுக்கு மட்டும் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வழியும் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

வால்பாறை எஸ்டேட்:

மூடுபனியில் பவர் டார்ச் உதவாது. கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி வெளிச்சம் திரும்பி வரும். நெற்றியில் மாட்டுவது இன்னும் மோசம். முழங்கால் உயரத்தில் தாழ்த்தி, மஞ்சள் வெளிச்சத்தில், குறைந்த அளவில் அடிப்போம். அப்போதுதான் தேயிலைப் பாத்தியும் படியும் தெரியும்.

எங்கள் ஊரில் பக்கத்தில் யானை நின்றால் சிவப்பு விளக்கு எரிய வைக்கும் ஏற்பாடு பல இடத்தில் உண்டு, செல்போனில் குறுஞ்செய்தியும் வரும். அதைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகவே மாட்டோம். ஒருநாள் விளக்கு இல்லாத வளைவில் நானும் சித்தப்பாவும் மாட்டிக்கொண்டோம். நான் முழு வெளிச்சத்தையும் அடிக்கப் போனேன், சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பினார். "மூஞ்சியில அடிக்காதடா, மெதுவா பின்னால வா" என்றார். தரையில் விழுந்த வெளிச்சத்தின் ஓரத்தில் முன்கால் இரண்டும் தெரிந்தன, தூண் மாதிரி. அப்படியே பின்வாங்கினோம். எவ்வளவு குறைவாக எரிய வைக்க முடியும் என்பதை அன்றிலிருந்துதான் பார்த்து வாங்குகிறேன்.

புதுசு:

ஏஏ டார்ச்சில் அதே அளவுள்ள 14500 லித்தியம் செல் போட்டால் வெளிச்சம் அதிகமாகுமாமே, போடலாமா?

ஸ்பேனர் 12:

அந்த டார்ச்சின் குறிப்பில் 14500 என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். சோஃபிர்ன் எஸ்பி10 புரோ மாதிரி இரண்டையும் ஏற்பவை உண்டு. மற்றதில் வேண்டாம். அளவு ஒன்றுபோல இருந்தாலும் ஏஏ 1.5 வோல்ட், 14500 முழு சார்ஜில் 4.2 வோல்ட். எல்இடி கருகிவிடலாம். லித்தியம் செல்லின் மேல்தோல் கிழிந்திருந்தாலும் நசுங்கியிருந்தாலும் சார்ஜ் போடவே வேண்டாம். விமானத்தில் போனால் தனிச் செல்லைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

கடைமடை:

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா எழுதியதை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டார். மறுநாள் கொட்டகைச் சுவரில் இருந்த இடுக்கையெல்லாம் சிமெண்ட் குழைத்து அவரே பூசிவிட்டார்.

டார்ச் இருட்டில் கைக்குக் கிடைக்க வேண்டுமே என்று மூடியைச் சுற்றி ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டி, கட்டில் காலில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். நேற்று 2:40க்குக் கரண்ட் வந்தது. தூக்கத்தில் டிக் என்று சத்தம் கேட்டு விழித்துப் பார்த்தால், ஜன்னல் வழியாக முழங்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வரப்பில் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அம்மாவும் மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று கேட்கிறார். இரண்டு கையும் பால் கறக்கப் போய்விடும். ஏஏ பேட்டரி, அடியில் காந்தம், ஒரே சுவிட்ச். தெரிந்தால் சொல்லுங்கள்.