புதுப்பிப்பு: சுற்றறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் செயலி

திருகோணமலையிலுள்ள எங்கள் அலுவலகத்தில் மும்மொழிகளிலும் வந்து குவியும் சுற்றறிக்கைகளை எந்தச் செயலியில் ஒழுங்குபடுத்தலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் பரிந்துரைத்தபடி ஒப்சிடியன் (Obsidian) என்ற குறிப்புச் செயலிக்கு மாறிவிட்டேன். அதுவரை பயன்படுத்திய எவர்நோட் (Evernote) செயலியின் இலவசத் திட்டம் 2023 டிசெம்பரில் 50 குறிப்புகளாகச் சுருங்கியபின் அங்கே நீடிக்க வழியிருக்கவில்லை. ஒப்சிடியன் குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகக் கணினியிலேயே வைத்திருப்பதால், மூதூர்க் கூட்டத்தில் இணையம் கிடைக்காவிட்டாலும் பழைய தீர்மானங்களைத் தேடியெடுக்கலாம். 2025 பெப்ரவரி முதல் அலுவலகப் பயன்பாட்டுக்கும் கட்டணம் கட்டாயமில்லை.

செயலியைவிடப் பெரிதும் கைகொடுத்தது, வருவதையெல்லாம் சேமிக்காமல், சுற்றறிக்கையின் இலக்கம், நடைமுறைக்கு வரும் திகதி, யார் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை மட்டும் என் வசனத்தில் எழுதி, அது முந்தையதொன்றை இரத்துச் செய்தால் இரண்டையும் இணைத்துவிடும் வழக்கம்தான். ஸ்கான் செய்த பிரதிகளுக்குள் மட்டும் ஒப்சிடியன் தேடித் தருவதில்லை. அவற்றுக்கான தலைப்புகளை, சலிப்பான வேலையென்றாலும், தமிழிலும் சிங்களத்திலும் நானே தட்டச்சிடுகிறேன்.