21 அவுன்ஸ் ஜீன்ஸ் பத்து வருடம் உழைக்குமாம்!

ஊசிநூல்:
"21 அவுன்ஸ் ஜீன்ஸ் ஒன்று எடுத்தால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை, 14 அவுன்ஸ் வாங்குகிறவன் ஏமாளி" என்று தறிக்காரன் நேற்று அள்ளிவிட்டிருந்தார். நான் அந்த 21-ஐயே வாங்கி ஏமாந்தவன். ஒன்றரை வருடத்தில் கவட்டையில் போய்விட்டது. தொடைகள் உரசும் இடத்தில் முதலில் நீலம் வெளுத்தது, அப்புறம் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றாக அற்று, குறுக்கே ஓடும் வெள்ளை ஊடை நூல் மட்டும் கொசுவலை மாதிரி நின்றது. முழங்கால், பாக்கெட் எல்லாம் இன்னும் புதுசு.

தறிக்காரன்:
எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைத்தீர்கள் என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள். அவுன்ஸ் என்பது ஒரு சதுர கெஜம் துணியின் எடை. 14-க்கு 21 ஒன்றரை மடங்கு. ஒன்றரை மடங்கு பஞ்சு தேய்ந்து தீர வேண்டாமா? பள்ளிக்கூடக் கணக்கு.

ஊசிநூல்:
கணக்கு சரி. கவட்டை கிழிந்ததே?

நடுவில்வந்தவன்:
எடையை வைத்து மட்டும் எப்படிச் சொல்வது? குட்டை இழைப் பஞ்சைத் தடியாக நூற்றாலும் எடை வரும், உறுதி வராது. தடித்த துணி விறைப்பு வேறு, மடிந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடியும். தையல் நூல் பருத்தியா பாலியஸ்டரா என்று யாராவது பார்க்கிறீர்களா?

தறிக்காரன்:
என்னுடையது செல்வெட்ஜ், அதாவது ஓரம் பிரியாமல் கரையோடு நெய்த துணி. பழைய ஷட்டில் தறியில் நெய்தது. அது போதும்.

நடுவில்வந்தவன்:
கரை அழகாக இருந்தால் நடுத்துணி உறுதியாகிவிடுமா? தறிக்காரன் என்று பேர் வைத்துக்கொண்டு இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தறிக்காரன்:
தோல் ஷூ விவாதத்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தானே நீங்கள், அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை போல. சரி, வரலாறு சொல்கிறேன். லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனி ரிவெட்டுக்கு, அதாவது தையல் பிரியாமல் அடிக்கும் உலோகக் குமிழுக்குக் காப்புரிமை வாங்கியது 1873-இல். அந்தக் காலத்தில் கவட்டையிலேயே ஒரு ரிவெட் இருந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் உலோகத்தை மிச்சம்பிடிக்க எடுத்தார்கள். ஆக, உங்களுக்குக் கிழிந்தது துணியின் குற்றமில்லை.

ஊசிநூல்:
அந்த ரிவெட் இருந்தது முன்பக்கத் திறப்பின் அடியில். எனக்குக் கிழிந்தது அதற்கும் கீழே, தொடைப் பக்கம். தையல் பிரியவில்லை ஐயா, துணி தேய்ந்தது. ரிவெட் துணி தேய்வதைத் தடுக்குமா? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், கவட்டை ஏன் கிழிந்தது?

தறிக்காரன்:
துவைக்காததால். ஆறு மாதம் துவைக்காமல் போட்டால் மடிப்பில் சாயம் அழகாக வெளுக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். வியர்வையும் மண்ணும் நூலுக்குள் உட்கார்ந்து அரம் மாதிரி ராவும்.

ஊசிநூல்:
அந்த எவனோ நீங்கள்தான். போன வருடம் நீங்கள் எழுதியதை எடுத்துப் போடட்டுமா?

தறிக்காரன்:
அது நிறத்துக்காகச் சொன்னது. உழைப்பு வேறு விஷயம். இரண்டையும் குழப்பினால் நான் என்ன செய்ய?

நடுவில்வந்தவன்:
அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் 21 அவுன்ஸ் எடுத்து எத்தனை வருடம் ஆகிறது?

தறிக்காரன்:
வருகிற மாதத்தோடு மூன்று. மூன்றிலேயே இப்படிக் கல் மாதிரி நிற்கிறதென்றால் பத்து வராதா?

ஊசிநூல்:
கவட்டையை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

தறிக்காரன்:
இப்போது துவைக்கப் போட்டிருக்கிறேன்.