தாம்பரம்: கிழக்கா, மேற்கா?

புதுக்குடித்தனம்: கிண்டியில் வேலை, பள்ளி போகும் பிள்ளைகள் இருவர். சென்னைத் தாம்பரத்தில் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வாடகை வீடு பார்க்கலாம்?

கேம்ப்ரோட்டார்: யோசிக்கவே வேண்டாம், கிழக்கு. கிறித்துவக் கல்லூரி 1937-ல் இங்கே வந்ததிலிருந்து இது படிப்பு ஊர். சேலையூர் தாண்டியும் தெருவுக்குத் தெரு டியூஷன் பலகை. கல்லூரிக் காட்டின் நிழல் வேறு. மேற்கே முடிச்சூரில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு விட்டார்களே, மறந்துபோச்சா?

மேற்குவாசி: அந்தப் படிப்பு ஊரிலிருந்து வெளியே வர வேளச்சேரி சாலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? காலை எட்டரைக்கு கேம்ப் ரோடு சந்திப்பில் நின்று பாருங்கள். எங்களுக்கு ஜி.எஸ்.டி. சாலை வாசலிலேயே. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், சானடோரியம், 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் எல்லாம் அதே சாலையில். மார்க்கெட்டுக்குக் கிழக்குக்காரர்களும் சண்முகம் சாலைக்குத்தானே வருகிறீர்கள்! ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றுக்கு வரும் வழியில் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருக்கின்றன. ஸ்டேஷனை ஒட்டிய பழைய மேற்கை அதோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

கேம்ப்ரோட்டார்: கிண்டிக்கு மின்ரயில் இருக்கும்போது சாலை நெரிசலை ஏன் இழுக்கிறீர்கள்? ஸ்டேஷனுக்குக் கிழக்கு வாசலும் உண்டு. ஒன்று மட்டும்: செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி நிரம்பித்தான் வரும். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

ஏரிமதகு: தண்டவாளத்தை வைத்து ஊரைப் பிரிப்பதே தப்பு. கிழக்கு மட்டும் மேடா? சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைக்கு. நடுவில் வாய்க்கால் அடைபட்ட இடத்தில் எல்லாம் தெருவில்தான் தண்ணீர். வீடு கலங்கலுக்கு, அதாவது ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடத்துக்கு, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். தரகர் 'லேக் வியூ' என்றால் இரண்டு மடங்கு கவனம்.

மதில் சுவரில் பழைய நீர்க்கறை எவ்வளவு உயரம்? மின்மீட்டர் பெட்டியைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கி மாட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். பழைய சாலைமேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதால் பல வீடுகளின் வாசல் தாழ்ந்துவிட்டது; சாதாரண மழைக்கே கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து ஏறும். போர் தண்ணீரை ஒரு வாளியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் மஞ்சள் படிந்தால் இரும்புச் சத்து. காய்ச்சும்போது வெள்ளை படிந்தால் உப்பு. கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மேற்குவாசி: கலங்கல் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தியதையும் சொல்லுங்கள் ஐயா.

ஏரிமதகு: அகலப்படுத்தினார்கள். தெருத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிற வடிகால் தூர்ந்திருந்தால் அகலம் என்ன செய்யும்? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.

கேம்ப்ரோட்டார்: அதுவரை நல்ல வீடு காலியாக இருக்குமாக்கும்!